பேட்டு ரெடியாகிருச்சா

அது மேல கை வச்சிராத தாயி. பைய, பைய ஒக்காரு. காலியா கெடக்குதேன்னுதான வந்த? காலி இல்ல, அதுவும் ஒரு ஆளு மாதிரிதான். மதுரை மாட்டுத்தாவணியில கண்டக்டர் தம்பிகிட்ட மல்லுக்கட்டி இதுக்கு எடம் பிடிச்சிருக்கேன். மேல கம்பியில போடுங்கன்னாரு. மேல போட்டா உருளும், கீழ போட்டா யாரு காலாவது படும். லக்கேஜ் டிக்கெட்டு வேணா கிழிச்சுக்கோ சாமி, எடத்த மட்டும் பிடுங்கிராதன்னு சொல்லிட்டேன். நீ அந்த ஓரத்துல ஒக்காரு, நான் சன்னல் பக்கம் இருக்கேன், நடுவுல அது கெடக்கட்டும். இடிக்குதா? கொஞ்சம் என் பக்கம் சாச்சுக்கிறேன்.

கிரிக்கெட் பேட்டு தாயி. துண்டு சுத்தி, துண்டுக்கு மேல என் பழைய சேலையக் கிழிச்சுக் கட்டிருக்கேன். கைப்பிள்ளையான்னு கண்டக்டர் கேட்டாரு. பஸ்ஸே சிரிச்சுச்சு. எனக்குத்தான் சிரிப்பு வரல. காலையில இருந்து ஒரு வாய்த் தண்ணி எறங்கல.

நீயும் திருச்சிக்கா? நல்லதாப் போச்சு. பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தா கலக்கம் கொஞ்சம் மட்டுப்படும்.

அந்தா, டிரைவருக்குப் பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல ஒக்காந்திருக்கா பாரு, பச்சச் சேல, அவதான் எம்மக. தவச்செல்வி. வெகு நாளு கழிச்சுப் பொறந்தவ, அவுகப்பா ஆசையா வச்ச பேரு. அவுக இப்ப இல்ல. எங்க வீடு கேக்க ஆம்பள இல்லாத வீடு. இங்க எங்கூட ஒக்காந்திருக்கலாம்ல அவ? மூணு பேரு சீட்டுதான இது? அந்தப் பேட்டு பக்கத்துல ஒக்கார மாட்டேனுட்டு, அந்தச் சூட்டுல போய் ஒக்காந்திருக்கா. பைய பேசுவோம். நான் ஊரு பூராம் இதச் சொல்லிக்கிட்டு வாரேன்னு தெரிஞ்சா மொறைப்பா.

எங்க ஊரு அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டு. கல்யாணம் முடிஞ்சு மொத ஆடி இவளுக்கு. புதுப் பொண்ண ஆடிக்குத் தாய் வீட்டுல வச்சுக்கிட்டு, ஆவணி பொறந்ததும் அனுப்புவோம்ல, அந்த வழக்கந்தான். ஆடிக்கு மாப்ளயே கொண்டாந்து விட்டாரு, இப்ப ஆவணிக்கு நான் திருச்சியில கொண்டு போய் விடப் போறேன். ராஜபிரபுன்னு பேரு. நல்ல ஒசரம். ஆபீஸு டீமுல மொத ஆளா எறங்கி ஆடுவாராம். விட்டுட்டுப் போகும்போது செல்வியோட இந்தப் பேட்டையும் விட்டுட்டுப் போனாரு.

எதுக்கா? புதுப் பேட்டுன்னா வாங்குன கையோட ஆட முடியாதாம் தாயி. அதப் பழக்கணுமாம். மரச்சுத்தியல வச்சு தெனமும் தட்டித் தட்டி அது முகத்த இறுக்கணும், அப்பத்தான் வெரசா வர்ற பந்து பட்டாலும் வெடிக்காது. பேட்டுக்கு முகம் உண்டுங்கறதே எனக்கு இவ கல்யாணத்துக்கு அப்புறந்தான் தெரியும். முகம் இருக்கு, விளிம்பு இருக்கு, நுனி இருக்கு, பிடி இருக்கு. அவுக இருக்கறது அடுக்குமாடி வீடு. டொக்கு டொக்குன்னு தட்டுனா கீழ் வீட்டுக்காரவுக சண்டைக்கு வந்துட்டாகளாம். வேற எந்தச் சத்தத்துக்கும் மேல ஏறி வராதவுக, இந்தச் சத்தத்துக்கு வந்துட்டாகன்னு செல்வி ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னா. வேற என்ன சத்தம்டின்னு நான் கேக்கல. குடும்பம்னா பாத்திரம் பண்டம் சத்தம் இருக்கத்தான செய்யும்?

எங்க வீடு ஊருக்கு வெளிய தனியா நிக்கிற வீடு. எம்புட்டுத் தட்டுனாலும் கேக்க ஆளில்ல. அதான் இங்கன கொண்டாந்து விட்டாரு.

இப்பக் கேளு, வெனை எங்க ஆரம்பிச்சுச்சுன்னு. எங்க பக்கத்துல மாமியாக்காரி மாப்ள முன்னால நின்னு பேசுற வழக்கம் கெடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிடணும். அவரு செல்விக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுவாரு, நான் செல்விக்குச் சொல்ற மாதிரி அவருக்குச் சொல்லுவேன். கல்யாணம் ஆன நாள்லருந்து நேரா ஒரு வார்த்த நான் அவருகிட்டப் பேசுனதில்ல. அன்னைக்கும் அப்படித்தான். "ஒங்கம்மாகிட்டச் சொல்லு, தெனம் தட்டணும். எண்ணெய் தேய்ச்சு ஊற விடணும்"னாரு. என்ன எண்ணெய்னும் சொன்னாரு. லின்னோ கின்னோ, என்னமோ இங்கிலீசுல ஒரு பேரு, கதவுக்குப் பின்னாடி எங்காதுல சரியா விழல. அப்புறம், "ஆவணி பொறந்து பேட்டு ரெடியானதும் ரெண்டும் வந்து சேரட்டும்"னாரு.

ரெண்டும்னுதான் சொன்னாரு. ஆமா. நீ ஏன் அப்படிப் பாக்குற? அவசரத்துல சொல்றது தாயி. வாசல்ல கார் நின்னுக்கிட்டிருக்கு, அவரு செருப்ப மாட்டிக்கிட்டிருக்காரு. பொண்ணும் பேட்டும் ரெண்டும்னு வாயில வந்துருச்சு. அதப் போயி நான் எழுத்தெழுத்தாப் பாத்துக்கிட்டிருக்க முடியுமா?

எண்ணெய்ப் பேர இன்னொரு தரம் கேட்டிருக்கணும். கேக்கணும்னா செல்விதான் கேக்கணும். அவ தலையக் குனிஞ்சு நின்னா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு அவ சேலையப் பிடிச்சு இழுக்குறேன், கேளுடி, கேளுடிங்கறேன். அவ அசையல. அவருகிட்ட எதையும் ரெண்டாந்தரம் கேக்கக் கூடாதும்மான்னா அப்புறமா. சரி, ஆம்பளைங்க ஒரு தரந்தான் சொல்லுவாங்க. எண்ணெய் தேய்ச்சு ஊற விடுறது நமக்குத் தெரியாத வித்தையாக்கும்னு நானும் விட்டுட்டேன்.

இரு, போனு அடிக்குது.

அவருதான். செல்வி பஸ்ஸு ஏறும்போதே போன என் மடியில போட்டுட்டா, எடுக்க மாட்டாளாம். தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும், நீ எடுத்துப் பேசேன். நான் எப்படி மாப்ளகிட்டப் பேசுறது? அலோன்னு சொல்லு. கொட்டாம்பட்டி வரப்போகுதுன்னு சொல்லு. நீ யாருன்னு கேட்டா பக்கத்து சீட்டுன்னு சொல்லு. நல்லாருக்கோம்னு சொல்லு.

என்ன கேட்டாரு? பேட்டு ரெடியாகிருச்சான்னா? நீ என்ன சொன்ன? தெரியலன்னுட்டியா, அதுஞ்சரிதான். வேற? செல்வியக் கேக்கலயா? சாப்ட்டாளான்னு கூடவா? வேலையில இருப்பாரு. பாவம், ஆபீசுல இருந்து பேசுறாருல்ல.

தெனமும் இதே கேள்விதான் தாயி. பேட்டு ரெடியாகிருச்சா, பேட்டு ரெடியாகிருச்சா. அந்தப் போனு சத்தம் கேட்டாலே செல்விக்கு ஒடம்பே தூக்கிப் போடும். 

எங்க விட்டேன்? ஆங், தட்டுறது. செல்விதான் தட்டணும்னு ஏற்பாடு. புருசன் சாமான் பொண்டாட்டிதான பாக்கணும். சுத்தியலக் கையில குடுத்தேன். வாங்கல. என்னடின்னேன். நீ தட்டும்மா, நான் உள்ள இருக்கேன்னா. சரின்னு நான் வாசப்படியில ஒக்காந்து, மடியில சாக்கு விரிச்சு, அதுல பேட்டப் படுக்க வச்சு டொக்குன்னு ஒரு தட்டு தட்டுறேன், உள்ள தம்ளர் உருளுது. ரெண்டாந்தட்டுக்கு எட்டிப் பாத்தா, அடுப்படி மூலையில காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கா. பயந்த சுபாவம் தாயி அவளுக்கு. சின்னதுல இருந்தே... இல்ல, சின்னதுல அப்படி இல்ல. சின்னதுல லச்சுமி வெடியக் கையில பிடிச்சு வீசுவா, அவுகப்பா பெல்ட்டத் தூக்கிட்டு வெரட்டுவாரு. கல்யாணம் ஆனா பொண்ணுகளுக்கு ஒரு பயம் பக்குவம் வந்துருது, என்ன சொல்ற?

பழைய பேட்டுக்கு என்னடி ஆச்சு, இப்ப எதுக்குப் புதுசுன்னு ஒரு நா கேட்டேன். ஒடஞ்சு போச்சுன்னா. எப்படி ஒடஞ்சுச்சு, பந்து பட்டான்னேன். பாத்ரூம் கதவுல பட்டுன்னா. பாத்ரூம் கதவு எப்படிம்மா ஆட வந்துச்சுன்னு கேலி பண்ணுனேன். அவ சிரிக்கல. வீட்டுக்குள்ள ஷாட்டு அடிச்சுப் பழகிருப்பாரு போல. சின்ன வீடு, கை ஒசத்துனா எங்கயாவது படத்தான செய்யும். 

நீ எங்க இருந்த அப்பன்னு கேட்டேன். பாத்ரூமுக்குள்ளன்னா. நல்ல வேள, வெளிய நின்னிருந்தா ஒம்மேல பட்டிருக்குமேடின்னேன்.

என்ன தாயி? ஒண்ணுமில்லயா? முகம் ஒரு மாதிரி போச்சேன்னு கேட்டேன். பஸ்ஸு ஆட்டுதுல்ல, தலைய சுத்துதா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்துக்கோ.

இப்ப எண்ணெய்க் கதைக்கு வாரேன். ஆடி வெள்ளி. மக வந்திருக்காளேன்னு நல்லெண்ணெயக் காய்ச்சுனேன். ரெண்டு மொளகு, கொஞ்சம் சீரகம், பூண்டு ஒரு பல்லு போட்டு பதமா எறக்கி வச்சு, வாடி, முதுகு காட்டுன்னேன். வரல. இந்தா நான் தேய்ச்சுக்கிறேன்னா. நீயே எப்படி முதுகு தேய்ப்ப, கல்யாணத்துக்கு முந்துன வாரம் வரைக்கும் நாந்தான தேய்ச்சேன்னு கையப் பிடிச்சு இழுக்குறேன், சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு மூலையோட ஒட்டிக்கிட்டா. வெக்கமாம். பெத்தவகிட்ட என்ன வெக்கம்? கண்ணாடி வளையலும் வேணாம்னா. ஆடிக்கு வளையக்காரரு தெருவுல வந்தாரு, ரெண்டு கையும் நெறைய அடுக்கிக்கிறுவா எம்மகன்னு கூப்புட்டேன். ஒடஞ்சா கையக் கிழிச்சுரும்மா, ரப்பர் வளையலே போதும்னுட்டா. வளையலு ஒடையறதுக்கு அம்புட்டு முரட்டு வேலையா பாக்குறா?

காய்ச்சுன எண்ணெய் வீணாப் போகுதேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு, மாப்ள சொன்னாருல்ல, எண்ணெய் தேய்ச்சு ஊற விடணும்னு. சரி, மக தலைக்கு இல்லாத எண்ணெய் பேட்டுக்காவது ஆகட்டும். அதுவும் வெள்ளிக்கிழம தேய்க்கல, கேட்டுக்கோ. வெள்ளி பொம்பளைக்கு. இது ஆம்பளச் சாமான். அதனால எண்ணெய மூடி வச்சிருந்து மறுநா சனிக்கிழமதான் தேய்ச்சேன். அம்புட்டுப் பக்குவமாத்தான் பாத்தேன் தாயி, ஏனோதானோன்னு இல்ல.

தலையில இருந்து கால் வரைக்கும், பிடி, முகம், முதுகு, நுனி, ஒரு எடம் விடல. சூடு பறக்கத் தேய்ச்சேன். வெயில்ல கெடத்தி ஊற விட்டேன். ஊறுனதும் என்ன செய்வோம்? எண்ணெயப் போக்கணும்ல? அப்படியே விட்டா எறும்பு மொய்க்கும். வெந்நி வச்சேன். சீயக்காய்த் தூளக் கொழைச்சேன். அடிச்சுத் தேய்ச்சு, வழுவழுப்பு போற வரைக்கும் ஊத்திக் குளுப்பாட்டி, ஈரம் போகத் தொடைச்சு, பழையபடி வெயில்ல நிப்பாட்டுனேன். சீயக்காய்தான், வேற ஒண்ணும் படல. சோப்புப் போட்டா மரம் வெளுத்துருமேன்னு சோப்ப அந்தப் பக்கமே அண்ட விடல.

சிரிக்கிறியா? சிரி, சிரி. நானும் ஒரு நா சிரிப்பேனோ என்னமோ. பேட்டுக்குத் தண்ணியே ஆகாதாம்ல. பிடி சேர்ற எடத்துல எண்ணெயே படக் கூடாதாம்ல. ஆளிவெத எண்ணெய லேசா ஒரு துணியில தொட்டு முகத்துக்கு மட்டும் பூசுறதாம்ல. மாட்டுத்தாவணியில வெளையாட்டுச் சாமான் விக்கிற ஒரு தம்பிகிட்ட இன்னைக்குக் காலையில விசாரிச்சுத்தான் எனக்கே தெரியும். நான் சொன்னதக் கேட்டு அந்தத் தம்பி வாயப் பொத்திக்கிட்டு உள்ள போயிருச்சு.

சனிக்கிழம சாயங்காலமே பேட்டு ஒரு மாதிரி ஊதுன கணக்கா இருந்துச்சு. தட்டுனா முந்தியெல்லாம் கணீர்னு சத்தம் வரும், அன்னைக்குத் தொப்புன்னுச்சு. எனக்குச் சொரேர்னுச்சு. செல்வி, பேட்டு ரெடியாகாது போலருக்கே, ஒம்புருசன் என்ன சொல்லுவாரோன்னு பொலம்புனேன். அவ அப்பத்தான் வெளிய வந்து அந்தப் பேட்ட உத்துப் பாத்தா. வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் அதப் பாத்தா. பேட்டு ரெடியாகலேன்னா நான் போக வேண்டாம்லம்மான்னு கேட்டா. கிறுக்கு, பேட்டுக்கும் ஒனக்கும் என்னடி சம்பந்தம்னு திட்டுனேன். ரெடியானதும் ரெண்டும் வரட்டும்னு தான சொன்னாருன்னா. பச்சப்புள்ள கணக்கால்ல பேசுது.

அடுத்த நா ஞாயித்துக்கிழம நான் கடைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், நுனியில இருந்து பாதி ஒசரத்துக்கு வெடிச்சுக் கெடக்கு. வாய் பொளந்த மாதிரி. நான் அப்படியே ஒக்காந்துட்டேன். எண்ணெய தேய்ச்ச இந்தக் கைய அடுப்புல வைக்கலாமான்னு வந்துச்சு. அப்ப எம்மக வந்து என் முன்னால நிக்கிறா. "நீ அழுவாதம்மா. எண்ணெயால இல்ல. நாந்தான் எடுத்து அடிச்சேன். தொவைக்கிற கல்லுல ஓங்கி ஓங்கி அடிச்சேன்"கிறா.

பாத்தியா தாயி? பெத்தவ மேல பழி வந்துரக் கூடாதுன்னு தாம்மேல தூக்கிப் போட்டுக்கிறா. அம்புட்டு பாசம் எம்மேல. சுத்தியலத் தொடவே பயந்தவ கல்லுல போட்டு அடிச்சாளாம். யாராவது நம்புவாங்களா? பொய் சொல்லாதடின்னேன். நெசந்தாம்மாங்கறா. பேசாம போடி, நான் பண்ணுன தப்பு, நானே சரி பண்ணுறேன்னு வாய அடக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ எங்கூடப் பேசுறதக் கொறைச்சுட்டா. கேட்டதுக்குப் பதில், அம்புட்டுத்தான்.

சரி பண்ணுறேன்னு சொல்லிட்டேனே ஒழிய எனக்குத் தூக்கம் போச்சு, சோறு போச்சு. இருக்கங்குடி மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சேன். ஆத்தா, மாப்ள கண்ணுக்கு வெடிப்பு தெரியக் கூடாது, ஒனக்குப் பொங்க வைக்கிறேன்னு. பேட்டுக்கு நேந்துக்கிட்டவ ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். மரப்பசை வாங்கியாந்து வெடிப்புக்குள்ள ஊத்தி, சேலக் கரையக் கிழிச்சு இறுக்கிக் கட்டி, மேல அம்மிக்கல்ல ஏத்தி வச்சேன். ஒட்டிருக்கு. கண்ணுக்கு ஒரு கோடுதான் தெரியும். ஆனா ஒரு பந்து பட்டா வாயப் பொளந்துரும், அது எனக்கே தெரியும். அவரு எடுத்துக் கையில பிடிச்சாலே கண்டுபிடிச்சுருவாரு.

கண்டுபிடிச்சா என்ன செய்வாரா? ஒண்ணும் செய்ய மாட்டாரு. நல்ல மாதிரி தாயி. குடி கெடையாது. சிகரெட்டு கெடையாது. சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. கோவம் வந்தா கதவச் சாத்திக்கிறுவாருன்னு செல்வி சொல்லிருக்கா. சாத்திக்கிட்டு அவரு உள்ள இருப்பாரா, இவள உள்ள வச்சுச் சாத்துவாரான்னு நான் கேக்கல. நான் ஏன் கேக்கணும்? அவுக வீட்டுச் சமாச்சாரம்.

எனக்குப் பயமா இருக்கு தாயி. இல்லேங்கல. பேட்டுக்காக ஒருத்தி இம்புட்டுப் பயப்படுவாளான்னு நீ நெனைக்கிற. எனக்கே அது புரியல. போன மாசம் பஞ்சாரத்து மேல மரம் விழுந்து கோழி பூராம் செத்துச்சு, நான் இப்படிப் பயப்படல. அவுகப்பா போனப்பகூட அழுதேன், பயப்படல. இப்ப இந்தக் கட்டையப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அந்த ஊரு நெருங்க நெருங்க எனக்குப் பயம் ஏறிக்கிட்டே போகுது.

பாக்கணுமா? பாரு, இந்த முடிச்ச மட்டும் அவுக்குறேன். முழுசா அவுக்க மாட்டேன். இந்தா, இந்த நுனிதான். நல்லாத்தான ஒட்டிருக்கு? ஒட்டும்போது என்ன பாடு படுத்துச்சு தெரியுமா? பசை பிடிக்கவே மாட்டேன்னுச்சு. உள்ள என்னமோ நீலமா அப்பிக்கிட்டு இருந்துச்சு. ஊக்க வச்சுச் சொரண்டிச் சொரண்டி எடுத்தேன். சொரண்டுன கையோட மோந்து பாத்தா நீலக் கட்டி சோப்பு, துணிக்குப் போடுறோம்ல அது, அந்த வாசம் குப்புன்னு...

சோப்பு.

நான் சோப்பே போடலயே தாயி. சீயக்காய்தான போட்டேன். ஒனக்கு இப்பத்தான சொன்னேன், சோப்ப அண்ட விடலன்னு. வெடிப்புக்குள்ள போயி எப்படி சோப்பு...

தொவைக்கிற கல்லு மேலதான் அந்தக் கட்டி அப்பிக் கெடக்கும். எப்பவும் அப்பிக் கெடக்கும், நான் அலசி விடுறதே இல்ல.

நெசமாத்தான் அடிச்சிருக்கா.

இரு, பேசாத கொஞ்சம். ரெண்டு தரம் சொன்னா தாயி. நெசந்தாம்மா, நெசந்தாம்மான்னு. நான் என்ன சொன்னேன், பொய் சொல்லாதடின்னேன். சுத்தியல் சத்தத்துக்குக் காதப் பொத்துற புள்ள பேட்ட எடுத்துட்டுப் போயி கல்லுல ஓங்கி ஓங்கி அடிச்சிருக்கான்னா... பேட்டு ரெடியாகலேன்னா நான் போக வேண்டாம்லம்மான்னா. பாத்ரூமுக்குள்ள இருந்தேன்னா. நான் பேட்டோட வெடிப்பத் தெனமும் தடவித் தடவிப் பாத்தேன். அவ முதுகக் காட்ட மாட்டேன்னப்ப விட்டுட்டு வந்துட்டேன். எண்ணெய் ஆறிப் போகுதேன்னு அதுக்குத் தேய்ச்சேனே தாயி, அவளுக்குக் காய்ச்சுன எண்ணெய.

அடுத்து என்ன ஊரு? துவரங்குறிச்சியா? அங்கருந்து மதுரைக்குத் திரும்ப பஸ்ஸு இருக்கும்ல?

பிடி, இந்தப் பக்கம் பிடி. கீழ போடு. கால் பட்டா படட்டும். துண்ட மட்டும் உருவிக்கிறேன், அது எந்துண்டு.

ஏ செல்வி! ஏத்தா செல்வி! இங்கிட்டு வா. கேக்குதா? அந்தச் சூட்டுல இருந்து எந்திரிச்சு வா. எடம் இருக்கு. இருக்குடி, இப்ப இருக்கு. இந்த அம்மா தள்ளி ஒக்காருவாக. வா, எம்பக்கத்துல ஒக்காரு. ஒண்ணுமில்ல, நான் ஒண்ணும் கேக்கல. முதுகு இடிக்காம சாஞ்சுக்கோ. ஏன் அழுவுற? அழுதுக்கோ.

அடிக்குது. மறுபடி அவருதான்.

வேணாம் தாயி, நீ எடுக்காத. செல்வி, நீயும் எடுக்காத. இங்க குடு. எதத் தொடணும், பச்சையவா? தொட்டாச்சு. பேசுனா கேக்குமா?

அலோ. நாந்தான். அத்ததான் பேசுறேன். ஆமா, நானேதான். பேட்டு ரெடியாகல மாப்ள. இல்ல. அது ஆகாது. பஸ்ஸுலயே கெடக்கும், பஸ்டாண்டுல வந்து எறக்கிக்கங்க. என்னது? ரெண்டும் எங்க வருதுன்னா கேக்குறீக? ரெண்டும் இல்ல மாப்ள. ரெண்டு பேரு. நாங்க ரெண்டு பேரும் துவரங்குறிச்சியில எறங்கி ஊருக்குப் போறோம்.

கத்துறாரு தாயி. இத எங்க அமுக்குனா நிக்கும்?